கரப்பான் நடை

மருந்து பட்ட கரப்பானுக்கு முதலில் போவது பின்னங்கால். அடித்த இரண்டாவது நிமிடத்திலும் அது ஓடத்தான் செய்யும். ஆனால் பின்னால் ஒரு கால் மட்டும் மற்றதோடு சேராமல் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். பிறகு இன்னொன்று. கடைசியில் ஆறு காலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க, நின்ற இடத்திலேயே சுற்றி மல்லாந்து விழும். சொரிமுத்து பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறான். அம்பாசமுத்திரத்திலிருந்து கட்டட வேலைக்கென்று திருவனந்தபுரம் வந்தவன், பாறசாலைக்காரரான தாசையனின் பின்னால் போய்ப் பூச்சிமருந்து அடிக்கிற கம்பெனியில் சேர்ந்துவிட்டான். தம்பானூர் லாட்ஜுகளும் ஹோட்டல் அடுக்களைகளும் அவன் பங்கு.

கம்பெனி கொடுக்கிற கையுறை இரண்டு நாளில் கிழிந்துவிடும். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எண்ணெய் மட்டும் எப்போதும் பையில் இருக்கும். பம்பைத் தூக்குவதற்கு முன்னால் தேங்காயெண்ணெயைக் கையிலும் காலிலும் முட்டி வரைக்கும், விரலிடுக்கு உட்படத் தேய்த்துக்கொள்ள வேண்டும். "எண்ண இருந்தா மருந்து வழுக்கிட்டுப் போயிரும் டே, உள்ள எறங்காது," என்று தாசையன் சொன்னார். கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். வேலை நடுவில் தோல் எரிந்தால் மருந்துக் கையோடு குப்பியில் விரலை விட்டு இன்னொரு தரம் தேய்ப்பார்கள். அதற்காகவே வாயகலமான குப்பி. எண்ணெய் பாதியானால் மேலே ஊற்றிக்கொள்வார்கள். குப்பியைக் கழுவ வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எண்ணெய்க் குப்பியை யார் கழுவுவார்கள்?

போன ஓணத்துக்குப் பிறகு சொரிமுத்துவின் இடது கால் செருப்பு கழன்று விழ ஆரம்பித்தது. விழுவதுகூடப் பெரிதில்லை. விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை. கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி அட்டக்குளங்கரை வரை ஒற்றைச் செருப்போடு நடந்து வந்து, சாலைத் தெரு மீன்காரி ஒருத்தி கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தான். பிறகு துணி நாடாவால் செருப்பைக் கட்டினான். அதுவும் போதாமல் கம்பெனி கம்பூட்ஸையே நாள் முழுக்கப் போட்டுக்கொண்டான். பாதம் தரையில் விழும்போது 'டப்' என்று சத்தம் வந்தது. முன்பெல்லாம் அப்படி வந்ததில்லை.

சூப்பர்வைசர் அஜீஷ் அதைக் கவனித்துவிட்டான்.

"என்னா அண்ணாச்சி, காலத்தயே குடி தொடங்கியாச்சோ? பூட்ஸ் பாண்டு வாசிக்குது."

"குடிக்கிறதெல்லாம் விட்டு எத்தன நாளாச்சு, சாரே. காலு கொஞ்சம் மரத்துப் போவுது."

"தாசையனும் இதே பாட்டுத்தான் பாடினான். இப்ப கட்டில்ல கெடக்கான். ஷுகர், கேட்டோ. நீயும் போய் ஷுகர் பாரு. ஏணி ஏற வய்யாத ஆள கம்பெனி வச்சிட்டிருக்காது."

சொரிமுத்து சர்க்கரை பார்த்தான். இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அவனுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அது ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த ஒரு ஆராய்ச்சிக்கூடம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கிருந்து ஷிஜா என்கிற பெண் கம்பெனிக்குப் போன் செய்து உயிரோடு கரப்பான் வேண்டும் என்று கேட்டாள். அமரவிளைக்காரி. பூச்சி எப்படி நடக்கிறது என்று படித்து டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவள். கொல்லுகிறவனிடம் வந்து உயிரோடு கேட்கிறாளே என்று அஜீஷ் விழுந்து விழுந்து சிரித்தான். சொரிமுத்து பிடித்துக் கொடுத்தான். ஜாடியில் பீரில் நனைத்த பன்னைப் போட்டு, ஏறி வெளியே போகாமலிருக்க உள்விளிம்பில் எண்ணெய் தடவி, மருந்தடிக்கும் முன்பே அடுக்களை மூலையில் வைத்துவிடுவான். பத்துக்கு மூன்று வழியிலேயே செத்துவிடும். பஸ்ஸில் வெக்கை என்று நினைத்துக்கொண்டான். மிஞ்சியதை ஷிஜா தனித் தொட்டியில் விட்டு முட்டையிட வைத்தாள். இப்போது ஒன்பது தொட்டி. எல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்தவை.

முதல் நாள் அவள் காட்டியதை அவன் மறக்கவில்லை. பஞ்சு மிட்டாய் எடைகூட இல்லாத ஒரு வெள்ளைப் பந்து கீழிருந்து வரும் காற்றில் மிதந்தது. கரப்பானின் முதுகைச் சிறு கம்பியில் ஒட்டி அதன் மேல் நிறுத்தியிருந்தாள். பூச்சி ஓடியது, பந்து உருண்டது, பூச்சி அங்கேயே இருந்தது. கேமராவில் எடுத்ததை மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.

"நோக்கண்ணா. இந்தப் பக்கம் முன்னங்காலும் பின்னங்காலும், அந்தப் பக்கம் நடுக்காலு. மூணும் தரையில. மத்த மூணும் மேல. அப்புறம் மாறும்."

"முக்காலி," என்றான் சொரிமுத்து. "எந்நேரமும் ஒரு முக்காலி ஊனியிருக்கு. அதான் செவுத்துல ஓடுனாலும் விழல."

"அதத்தான் நான் அம்பது பக்கம் எழுதியிருக்கேன்," என்று அவள் சிரித்தாள். "தலைக்கு இதுல பெரிய வேல இல்ல. போ, நில்லு, அவ்வளவுதான் சொல்லும். ஒவ்வொரு காலுக்கும் நெஞ்சுல தனித்தனியா நரம்பு முடிச்சு இருக்கு. இந்தக் காலு ஊனியாச்சுன்னு பக்கத்துக் காலுக்குச் சொல்லிவிடும். பின்னே அது தூக்கும்."

"தல இல்லாம ஒரு வாரம் கெடந்து காலாட்டுறத நான் பாத்திருக்கேம்மா."

"சத்தியமா? எத்தன நாள்னு எழுதி வச்சீங்களா?"

அதை எவன் எழுதி வைப்பான்? ஆனால் அதற்குப் பிறகு அவன் எழுதி வைத்தான். எந்த மருந்துக்கு எந்தக் கால் முதலில் போகிறது, எத்தனை நிமிடத்தில். அவள் ஒரு காலை வெட்டிவிட்டு மற்ற ஐந்தும் எப்படி மாற்றி நடக்கின்றன என்று பார்ப்பாள். வெட்டிய அந்த நிமிடமே அவை வரிசையை மாற்றிக்கொள்ளும். கற்றுக்கொள்ளக்கூட நேரம் வேண்டாம்.

"மனுசனுக்கு இப்பிடி மாத்துமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"மனுசனுக்கு ரெண்டே காலுதானே அண்ணா. மாத்தறதுக்கு என்ன இருக்கு?" அவள் வேறொன்றும் யோசித்துச் சொல்லவில்லை.

பூச்சி அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் வேலையை விட்டுப் போனபோது ஷிஜா சொரிமுத்துவின் பேரைச் சொன்னாள். கரப்பானுக்குத் தீனி வைப்பது, தொட்டி கழுவுவது, செத்ததைப் பொறுக்குவது. நாற்காலி உண்டு. ஏணி கிடையாது, பம்பு கிடையாது. பேராசிரியர் ஸ்ரீனிவாசன் ஒரு மாதம் காலையில் வந்து பழகட்டும், பூச்சிகள் நன்றாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். மாதம் முடிய இன்னும் ஆறு நாள். காலையில் பூச்சியை வளர்த்தான். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தம்பானூரில் கொன்றான். கால் இந்த ஆறு நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்று இருந்தது. அங்கே அவன் சுவரோரமாக நடந்தான். ஷிஜா பார்க்கும்போது நிற்கப் பழகிக்கொண்டான்.

வீட்டில் நிற்க வேண்டியதில்லை. கரிமடத்தில் ஒற்றை அறை வீடு. மனைவி செண்பகவல்லி ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் காய் நறுக்கிவிட்டு ஆறு மணிக்கு வருவாள். அவன் வேலை முடிந்து வந்ததும் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துக் கரண்டியில் ஊற்றிச் சூடாக்கி, அவன் காலை மடியில் போட்டுத் தேய்ப்பாள். மூன்று மாதமாக ஒருநாள் தவறவில்லை. புது எண்ணெய் எதற்கு, உங்க எண்ணெய்தான் தோலுக்குப் பழகியது என்பாள்.

"தெரியுதா?"

"கெண்டைக்கால்ல தெரியுது."

"பாதத்துல?"

"அமுக்கித் தேயி."

"இதுக்கு மேல அமுக்குனா என் கை ஒடிஞ்சிரும். ஆறு நாள் கழிச்சி சேர்ல உக்காந்து கரப்பானுக்குச் சோறு போடப் போறீரு. ஒமக்குக் காலு எதுக்கு?" என்று சிரித்தாள்.

அவள் வலதுகை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள். பீன்ஸ் நறுக்கும்போது வெட்டிக்கொண்டதாம். வெட்டியது தெரியவில்லை. பீன்ஸ் சிவந்த பிறகுதான் பார்த்தாளாம்.

"பேச்சு, பேச்சு. கத்தியப் பாத்து நறுக்குனா என்ன?" என்றான்.

"ஆமா, நான் அங்க ஒக்காந்து ஒரு நாடகம் போட்டேன்," என்று கையைக் கழுவப் போனாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, தொட்டி விளிம்பில் தடவுகிற வாஸ்லின் தீர்ந்துபோயிருந்தது. கரப்பான் ஏறி வராமலிருக்க வாரம் ஒருமுறை அதைப் புதிதாகத் தடவ வேண்டும். ஸ்டோரில் கேட்டால் இண்டென்ட் சீட்டு எழுதிப் போடு, வியாழக்கிழமை பார்க்கலாம் என்றார்கள். ஷிஜா லீவு. பூச்சி வெளியே போய்விட்டால் அவன் பேர்தான் கெடும். சொரிமுத்து பையிலிருந்து தன் குப்பியை எடுத்தான். இரண்டு வருடமாக இந்த எண்ணெயைத் தடவித்தானே இவற்றின் பாட்டன்களைக் கொண்டுவந்தான்? ஏழு தொட்டிக்குத் தடவி முடித்தபோது மணி இரண்டாகிவிட்டது. மீதி இரண்டை நாளைக்கென்று விட்டு, தம்பானூர் பஸ்ஸைப் பிடித்தான். யாரும் சொல்லாமல் தானாகச் செய்த காரியம் என்று மனதில் ஒரு தெம்பு இருந்தது.

புதன்கிழமை ஸ்ரீனிவாசன் எல்லோரையும் கூட்டம் போட்டு உட்கார வைத்திருந்தார். சொரிமுத்து தீனி வைக்கப் போனபோது இரண்டு தொட்டியில் கொஞ்சம் மல்லாந்து கிடந்தன. பொறுக்கிப் போட்டான். தொட்டிக்கு இரண்டு மூன்று சாவது உண்டுதான். மறுநாள் வாஸ்லின் வந்துவிடும் என்று மீதி இரண்டு தொட்டிக்கும் எண்ணெய் தடவாமல் விட்டான்.

வியாழக்கிழமை காலை அவன் போனபோது ஷிஜா தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தொட்டிகள்.

"அண்ணா, என்ன ஆச்சு இதுகளுக்கு? நூத்துக்கு மேல போச்சு. மிச்சமுள்ளதும் ஒழுங்கா நடக்கல. ஃபங்கஸா இருக்குமோ? தீனியில ஏதாவது?"

அவள் ஒன்றைப் பந்தின் மேல் நிறுத்தியிருந்தாள். சொரிமுத்து திரைக்குப் போகவில்லை. பூச்சியையே பார்த்தான். முன்னங்கால்கள் சரியாக மாறின. நடுக்கால்கள் கொஞ்சம் தாமதம். இடது பின்னங்கால் பந்தைத் தேய்த்துக்கொண்டு வந்தது.

பூச்சிக்கு நோய் வந்து அவன் பார்த்ததில்லை. இது நோயில்லை. இதை அவன் தினமும் மூன்று மணிக்குப் பார்க்கிறான்.

"மருந்தும்மா," என்றான்.

"என்ன மருந்து? இங்க ஏது மருந்து? தொட்டி கழுவற சோப்பக்கூட நான் மாத்த விட்டதில்ல."

அவன் தொட்டிகளைப் பார்த்தான். ஏழு கெட்டிருந்தன. சுவரோரம் இரண்டில் பூச்சிகள் கோழிமுட்டை அட்டைகளுக்கு இடையே சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவன் எண்ணெய் தடவாமல் விட்ட அதே இரண்டு.

சும்மா இருக்கலாம். இன்னும் நான்கு நாள்தான். தீனி என்றோ நோய் என்றோ அவர்களாக ஒரு பேர் வைத்துக்கொள்வார்கள். ஷிஜா எழுந்து மேசையிலிருந்து புது வாஸ்லின் டப்பாவை எடுத்தாள். "நல்லா இருக்கற ரெண்டையாவது தனி ரூமுக்கு மாத்தலாம். அண்ணா, இதத் தடவிட்டுத் தூக்குங்க," என்று அவன் கையில் கொடுத்தாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் நேற்றைய எண்ணெய் மினுங்கியது. டப்பாவைத் திறக்காமல் கீழே வைத்தான்.

"நான் தொடக்கூடாதும்மா. நான்தான் இதச் செஞ்சது."

பையிலிருந்து குப்பியை எடுத்து வைத்தான். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னான்.

"தேங்காயெண்ணதானே? அது ஒண்ணும் செய்யாதே," என்றாள் ஷிஜா. ஆனாலும் ஒரு காகிதத்தில் இரண்டு சொட்டுத் தேய்த்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நல்ல தொட்டியிலிருந்து ஒரு பூச்சியை உள்ளே விட்டாள். இருவரும் குனிந்து நின்றார்கள். பூச்சி காகிதத்தின் மேல் ஓடியது, மீசையைத் துடைத்தது, மறுபடி ஓடியது. பதினாறாவது நிமிடம் பின்னங்கால் பிசகியது. இருபதாவது நிமிடம் சுற்றியது.

"இது எந்தெண்ண அண்ணா? இதுல என்ன கலந்தீங்க?"

"ஒண்ணும் கலக்கல. மருந்தடிக்கும்போது கைய உள்ள விட்டுத் தேச்சுக்கிடுவோம். எரியாம இருக்க."

"மருந்துக் கைய?"

"ஆமா."

"குப்பி எப்ப வாங்கினது?"

"தாசையண்ணன் குடுத்தது. பதினோரு வருசம் இருக்கும்."

ஷிஜா குப்பியைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவன் பூட்ஸைப் பார்த்தாள். இத்தனை நாள் அவன் மறைத்து வைத்திருந்ததை ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள். பூச்சி நடையை ஆறு வருடம் பார்த்த கண்.

"அதக் கழட்டுங்க. வராந்தாவுல அங்க வரைக்கும் நடந்து வாங்க."

"வேண்டாம்மா."

"நடங்க அண்ணா."

நடந்தான். அவள் போனில் படம் எடுத்தாள். கரப்பானை ஓட்டிய அதே திரையில் மெதுவாக ஓட்டினாள். அவனும் பார்த்தான். வலது காலில் குதிகால் முதலில் ஊன்றியது. இடது காலில் பாதம் தொங்கி, விரல்கள் தரையை உரசி, பிறகு மொத்தமாக விழுந்தது. அந்தக் காலைத் தூக்க இடுப்பு ஒரு பக்கம் ஏறியது. தன் காலைத் தானே இப்படிப் பார்த்ததில்லை.

"எண்ணெயில மருந்து கரையும், அண்ணா," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "எண்ணெ அத வழுக்கி விடாது. தோலுக்குள்ள கூட்டிட்டுப் போகும். சில மருந்த எண்ணெயிலதான் கலக்கித் தருவாங்க, தெரியாதா?"

தெரியும். கறையானுக்கு அடிக்கிற மருந்தின் டின்னைத் திறந்தாலே எண்ணெய் வாடைதான் வரும். பதினோரு வருடம் அதைத் தண்ணீரில் கலக்கியவன் அவன்தான்.

ஸ்ரீனிவாசன் பதினொரு மணிக்கு வந்தார். கதவுக்கு வெளியிலேயே நின்று எல்லாம் கேட்டார். கத்தவில்லை.

"அந்த ஆள் மேல தப்பு சொல்ல மாட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கார். ஆனா அவர் துணியில இருக்கும், தோல்ல இருக்கும். மருந்தடிக்கிற யாரும் இனிமே இந்த ரூமுக்குள்ள வரக்கூடாது."

"சார், இங்க எடுத்தா அவரு மருந்தடிக்கிறத விட்டுருவாரு. அதுக்காகத்தானே..."

"ஷிஜா, ரூமைச் சுத்தம் பண்ணி மறுபடி பூச்சி வளர்க்க ஒரு வருஷம். உன் தீஸிஸை யோசி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் அழ நிறைய இருந்தது. சொரிமுத்து பூட்ஸை மாட்டினான். மருந்து தொட்ட வேலையிலிருந்து தப்ப வந்த இடத்தில், மருந்து தொட்டவன் என்று வாசல் அடைத்தார்கள். அவர்கள் இடத்தில் அவன் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

ஷிஜா குப்பியை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தாள். "நாளைக்கே மெடிக்கல் காலேஜ் போங்க. நரம்பு டாக்டர். இதக் காட்டுங்க. சொல்ல மறந்துராதீங்க, எண்ணெ. வேற யாராவது இதத் தொட்டிருக்காங்களா?"

"இல்ல," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். ஸ்ரீகாரியம் தாண்டும்போதுதான் பீன்ஸ் ஞாபகம் வந்தது.

அன்று அவன் மூன்று மணி வேலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தான். ஆறு மணிக்குச் செண்பகவல்லி வந்து பையைத் துழாவினாள்.

"எண்ண எங்க?"

"இனிமே அது வேண்டாம்."

"ஏன், சேர் வந்ததும் சோக்கு வந்துட்டோ?"

"இங்க உக்காரு. கையக் காட்டு."

அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அவன் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான். வெட்டு ஆறியிருந்தது. அவள் சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தான்.

"கண்ண மூடு."

"என்ன வெளையாட்டு இது, கெழவனுக்கு?"

"மூடு ட்டி."

மூடினாள். அவன் ஆள்காட்டி விரல் நுனியில் ஊக்கை வைத்து அழுத்தினான். நடுவிரலில் அழுத்தினான். தோல் குழிந்தது. கட்டைவிரலில் அழுத்தியபோது ரத்தம் ஒரு பொட்டு வந்தது.

"எப்ப குத்தப் போறீரு?" என்றாள், கண்ணை மூடியபடியே.

மறுநாள் காலை ஆறரைக்கே மெடிக்கல் காலேஜ் ஓ.பி. வாசலில் வரிசை நின்றது. இருவருக்கும் சீட்டு எடுத்தான். மருந்து பட்ட பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுச் செருப்போடு வந்திருந்தான். அவளுக்கு எல்லாம் சொல்லியிருந்தான். ராத்திரி முழுக்கத் திட்டினாள். தாசையனை, கம்பெனியை, அவனை. பிறகு எதையும் திட்டவில்லை. விடிந்ததும் தாசையன் வீட்டுக்கு ஒரு போன் போடச் சொன்னாள். அவர் பெண்டாட்டி எடுத்தாள். அவருக்குக் கையும் இப்போது தூக்க முடியவில்லை, நாங்களும் தினம் எண்ணெய் போட்டுத் தேய்க்கத்தான் செய்கிறோம் என்றாள். எந்த எண்ணெய் என்று கேட்டதும் எதற்கு என்றாள். சொரிமுத்து சொன்னான். அவர் வேலைப்பையில் இருந்த குப்பிதான் என்றாள்.

எட்டு மணிக்கு அஜீஷ் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நேத்து எவிடப் போயி? இன்னைக்கு மூணு மணிக்கு வரலேன்னா வேற ஆள நோக்குவேன்."

சொரிமுத்து டாக்டர் அறை வரிசையைப் பார்த்தான். முன்னால் அறுபது பேர் இருப்பார்கள்.

"வந்துர்றேன் சாரே. கையுறை ஒண்ணு வேணும்."

"கையுறையோ? ஒனக்கு எண்ண போதுமேடா," என்று அவன் சிரித்தான்.

நரம்பு டாக்டர் வேறு கட்டடம் என்று ஒரு நர்ஸ் சொன்னாள். நீளமான வராந்தா. செண்பகவல்லி அவன் கையைப் பிடித்துக்கொள்ள வந்தாள்.

"நீ முன்னால போ."

"எதுக்கு? விழுந்துருவீரு."

"விழமாட்டேன். நீ முன்னால நட. செருப்பக் கையில எடுத்துக்க."

அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டு நடந்தாள். சீக்கிரம் போகாதே, மெல்லப் போ என்றான். சேலையைக் கணுக்காலுக்கு மேல் கொஞ்சம் தூக்கச் சொன்னான். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல், "இன்னும் என்ன தூக்கணும்?" என்றாள்.

அவன் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் வந்தான். வலது குதிகால், பிறகு விரல். இடது குதிகால், பிறகு விரல். வலது. தரையை எதுவும் உரசவில்லை. இடது. சரியாகத்தான் விழுந்தது. வராந்தா முடியும் வரை ஒரு அடிகூட விடாமல் பார்த்தான். பின்னாலிருந்து யாரோ, "ஹலோ, சேட்டா, செருப்பு, செருப்பு," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவனைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.